கயிறு யார் கையில்?

எமது கிராமங்களில் கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவரின் பெயர் மறைவதில்லை. பல இடங்களில் அது மணியின் விளிம்பிலேயே ஆண்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். மின்விசிறிக்கும் வாங்குக்கும் கூட உபயகாரர் பெயர் உண்டு. ஆனால் அந்த மணியை முப்பது, நாற்பது வருடமாக அதிகாலையிலும் நடுப்பகலிலும் அந்திப்பொழுதிலும் அடித்தவர் யார், அவர் எந்த ஆண்டில் தொடங்கினார், யாரிடம் பழகினார், அவருக்குப் பிறகு கயிற்றைப் பிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு வரி எழுத்தும் கிடைக்காது. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். திருமணப் பதிவேட்டில் இருக்கும். அடக்கப் பதிவேட்டிலும் இருக்கும். அவர் செய்த வேலை மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இராது.

ஊர் ஊராக இருந்த காலத்தில் இதனால் பெரிய நட்டம் தெரியவில்லை. சனத்தின் வாயே பதிவேடாக இருந்தது. இடப்பெயர்வோடு அந்தப் பதிவேடு கிழிந்து விட்டது. ஒரு துண்டு வவுனியாவில், ஒரு துண்டு மன்னாரில், ஒரு துண்டு கனடாவில். மணியடித்த முதியவர் நலன்புரி நிலையத்திலோ மகள் வீட்டுத் திண்ணையிலோ கண்ணை மூடியபோது, நல்லடக்கத்துக்கு வந்தவர்களிற் பலருக்கு அவர் மணியடித்தவர் என்பதே தெரியாமற் போயிற்று.

இத்தகைய ஒருவரை ஒரு சமூகம் எவ்வாறு நினைவுகூர வேண்டும்? அவர் படத்துக்கு மாலை போடுவது போதாது என்பது என் கருத்து. அவர் விட்ட கயிற்றை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்ததை எழுதியும் வைக்க வேண்டும். இதை விளக்குவதற்கு இங்கிலாந்து நாட்டுக் கோவில்களின் மணியடிப்போர் குழுக்களை எடுத்துக் கொள்கிறேன். தம் குழுவில் ஒருவர் இறந்தால் அவரை எப்படி நினைவுகூருவது என்பதில் அவர்களுக்கு நீண்டகாலப் பழக்கம் உண்டு. எங்கள் துன்பத்துக்கு வெள்ளைக்காரரின் மணிக்கூண்டில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்பவர்கள், கடைசி வரை வாசித்துவிட்டுக் கேட்கட்டும்.

துலா மிதித்தவர்களுக்கு விளங்கும்

எங்கள் கோவில்களில் பெரும்பாலும் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு. அடிப்பதற்கு ஒருவர் போதும். இங்கிலாந்தின் கிராமக் கோவிற் கோபுரங்களில் ஐந்து, ஆறு, எட்டு என்று மணிகள் வெவ்வேறு சுருதியில் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆள். மணிகளின் நிறையை அவர்கள் இன்றும் அந்தர்க் கணக்கிலேதான் சொல்வார்கள். சாதாரண கிராமக் கோவிலின் பெரிய மணி பத்து அந்தர் அளவில் இருக்கலாம். லிவர்ப்பூல் பேராலயத்தின் பெரிய மணி 82 அந்தர்.

மணி ஒரு முழுச் சில்லோடு பூட்டப்பட்டிருக்கும். கயிறு அந்தச் சில்லைச் சுற்றிக் கீழே இறங்கும். அடிக்கத் தொடங்குமுன் மணியை ஆட்டி ஆட்டி, அதன் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைப்பார்கள். பிறகு ஓர் இழுப்புக்கு மணி முழு வட்டம் சுழன்று, ஒரு தரம் ஒலித்து, மீண்டும் வாய் மேலாக வந்து நிற்கும். அடுத்த இழுப்புக்கு மறுபக்கமாகச் சுழலும். இதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. நேரமறிந்து இழுப்பதும் நேரமறிந்து விடுவதுந்தான் வேலை. துலா மிதித்தவர்களுக்கும் பட்டை பிடித்தவர்களுக்கும் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. துலாவில் நடப்பவரும் கிணற்றடியில் நிற்பவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து வேலை செய்யாவிட்டால் தண்ணீரும் வராது, ஆளும் விழுவார்.

இவ்வளவு பாரமான மணி ஒரு சுற்று வர ஏறத்தாழ இரண்டு செக்கன் செல்லும். ஆகவே இந்த மணிகளில் பாட்டு வாசிக்க முடியாது. அதற்குப் பதிலாக, மணிகள் ஒலிக்கும் ஒழுங்கை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக் கொண்டே போவார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒரு மணி ஓரிடம் முன்னுக்கோ ஓரிடம் பின்னுக்கோ மட்டுமே நகரலாம். ஒரு தடவை வந்த ஒழுங்கு மறுபடி வரக்கூடாது. மூன்று மணிகளென்றால் ஆறு ஒழுங்குகள் உண்டு. நான்கென்றால் 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. பதினேழாம் நூற்றாண்டில் வளர்ந்த கலை இது. 1668 இல் இதைப் பற்றிய முதல் நூல் அச்சாகியது. 1715 மே 2 ஆம் திகதி நோரிச் நகரின் புனித பேதுரு கோவிலில் 5,040 ஒழுங்குகளும் அடிக்கப்பட்ட செய்தி பதிவில் உள்ளது. ஐயாயிரம் ஒழுங்குகளும் அதற்கு மேலும் இடைவிடாமல் அடித்து முடிப்பதை அவர்கள் 'பீல்' என்பார்கள். அதற்கு மூன்று மணித்தியாலம் வரை பிடிக்கும். எட்டு மணிகளின் 40,320 ஒழுங்குகளையும் எட்டுப் பேர் 1963 யூலை மாதத்தில் லஃப்பரோ நகரின் மணிவார்ப்புச் சாலைக் கோபுரத்தில் ஒரே மூச்சில் அடித்து முடித்தார்கள். அதற்குப் பதினெட்டு மணித்தியாலம் சென்றது. இடையில் எவரும் கயிற்றை இன்னொருவரிடம் கொடுக்கவில்லை. பீலுக்கு அது ஒரு விதி.

இந்தக் கணக்கையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாடகர் குழுவில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் கொஞ்சம் உரத்துப் பாடிச் சமாளித்து விடலாம். மணிக்கூண்டில் சமாளிக்க முடியாது. ஆறு கயிறுகளுக்கு ஐந்து பேர் நின்றால் ஆறாவது கயிறு சும்மா தொங்கும். அந்தக் குறை கோவிலுக்குள் இருப்பவருக்கு மட்டுமல்ல, வயலில் நிற்பவருக்கும் கேட்கும். மணியடிப்பவரை யாரும் காண்பதில்லை. ஆனால் அவர் இல்லாததை ஊரே அறியும்.

இவர்களெல்லாம் பரிசுத்தவான்கள் என்று எண்ண வேண்டாம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மணிக்கூண்டுக்குள்ளேயே பியர்ச் சாடி வைத்துக் குடித்தவர்கள் அவர்களில் அநேகர். ஆராதனைக்கு மற்றவர்களை அழைத்துவிட்டுத் தாம் மட்டும் நழுவிப் போகிறார்கள் என்று குருமார் மனம் நொந்திருக்கிறார்கள். (இது எங்களுக்கும் முற்றாகப் புதிய செய்தியல்ல.) கமத் தொழிலாளரும் கொல்லரும் தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் அவர்களில் இருந்தார்கள். நெடுங்காலம் ஆண்களே அடித்தார்கள். 1896 இல் அலிஸ் வைட் என்ற பெண் முதன்முதலாக ஒரு முழுப் பீல் அடித்தார். இன்று ஆண், பெண், பாடசாலைப் பிள்ளை, ஓய்வூதியர் என்று எல்லோரும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள்.

இறந்தவருக்கு அவர்கள் செய்வது

அக்குழுக்களில் மிகுந்த அன்புக்குரியவராக இருந்து மறைபவர் எப்போதும் மிகத் திறமையாக அடித்தவர் அல்லர். அவர் வாரந்தோறும் பயிற்சி நாளுக்குத் தவறாமல் வருபவர். குளிரில் முதலாவதாக வந்து கதவைத் திறப்பவர். ஏணியில் ஏறி எண்ணெய் விடுபவர். தேய்ந்த கயிற்றைப் பின்னித் திருத்துபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வந்த பிள்ளையின் பக்கத்தில் நின்று, கயிறு கைமீறிப் போகும்போது எட்டிப் பிடிப்பவர். மணியடிப்பதை நூலில் படித்துப் பழக முடியாது. ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே அப்படியொருவர் இறந்தால் குழு இழப்பது ஓர் ஆளை மட்டுமல்ல, வருங்காலத்தில் வரவிருந்த சிலரையுங்கூட.

அவருக்காக அவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலாவது, மணி நாக்கின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோற்பட்டை கட்டி அடிப்பார்கள். மணி ஒரு பக்கம் சுழலும்போது ஓசை தெளிவாகக் கேட்கும். மறுபக்கம் சுழலும்போது அதே ஓசை மிகத் தூரத்திலிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். ஒரு வரி உரத்தும் ஒரு வரி மங்கியும் மாறி மாறி வரும். இரு பக்கமும் தோல் கட்டி அடிப்பது அரசர், மறைமாவட்ட ஆயர், அக்கோவிலின் குரு போன்ற சிலருக்கென்று வைத்திருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் எலிசபெத் மகாராணி இறந்தபோது அப்படித்தான் அடித்தார்கள். கயிறு பிடித்த சாதாரண மனிதருக்கு ஒரு பக்கத் தோல். எனக்கு இதுவே மேலாகப் படுகிறது. போனவரின் ஓசையும் இருப்பவரின் ஓசையும் இரண்டும் அதில் இருக்கின்றன.

இரண்டாவது, அவர் நினைவாகக் குழுவினர் ஒரு முழுப் பீலோ கால் பீலோ அடிப்பார்கள். கால் பீல் என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது ஒழுங்குகளுக்குக் குறையாதது. முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். அடித்து முடித்ததும் விபரத்தை எழுதி அனுப்புவார்கள். 1911 இல் தொடங்கிய 'த றிங்கிங் வேர்ள்ட்' என்னும் பத்திரிகை இதற்கெனவே இருக்கிறது. கோவிலின் பெயர், திகதி, எடுத்த நேரம், எந்த மணியை யார் அடித்தார் என்ற நிரல், அடியில் 'எமது குழுவின் அன்புக்குரிய இன்னாரின் நினைவாக' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். அதில் 'அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது' என்ற வழக்கமான வரி இராது. ஈடு செய்துதான் அடித்திருக்கிறார்கள். அவருடைய மணிக்கு நேரே இன்னொருவர் பெயர் இருக்கிறது.

மூன்றாவது, மணிக்கூண்டின் சுவரிலே மரப்பலகைகள் மாட்டுவார்கள். முக்கியமான பீல்கள் அடிக்கப்பட்ட நாளும், அடித்தவர்களின் பெயர்களும் மணியின் இலக்கத்தோடு அதில் எழுதப்பட்டிருக்கும். இருநூறு வருடத்துக்கு முன் அதே கோபுரத்தில் ஐந்தாம் மணியை அடித்த கொல்லன் பெயரை, இன்று ஐந்தாம் மணியை அடிக்கும் பிள்ளை அண்ணாந்து பார்த்து வாசிக்கலாம். பெரிய பிரபுவின் கல்லறை கோவிலுக்குள்ளே சலவைக் கல்லில் இருக்கும். கொல்லனுக்கு ஒரு பலகைதான். ஆனால் அந்தப் பலகை அவன் என்ன வேலை செய்தான் என்று சொல்கிறது.

பழைய நாளில் துக்கமணி அடிக்கும் முறையும் அங்கே ஒழுங்காக இருந்தது. ஆணென்றால் மும்மூன்றாக மூன்று தரம், பெண்ணென்றால் இவ்விரண்டாக மூன்று தரம் அடிப்பது பல ஊர்களில் வழக்கம். பிறகு இறந்தவரின் வயதுக்கு எத்தனையோ அத்தனை அடிகள். வயலில் வேலை செய்பவர் கையை நிறுத்தி எண்ணிப் பார்ப்பார். எழுபத்திரண்டு என்றால் யார் என்று சிறிய ஊரில் சொல்லி விடலாம்.

போர் வந்தபோது

1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் அந்நாட்டின் மணியடிப்போர் ஏறத்தாழ 1,400 பேர் உயிரிழந்தார்கள் என்று அண்மைக்காலக் கணக்குக் கூறியது. பெரும்பாலானோர் இளைஞர்கள். கோபுரங்களில் கயிறுகள் சும்மா தொங்கின. 1891 இல் உருவான மணியடிப்போர் மத்திய சபை, இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் தேடி நினைவேடு எழுதத் தொடங்கியது. அது ஓர் ஆண்டில் முடிந்த வேலையல்ல. நூறு ஆண்டு கழிந்தும் விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்த்தபடியே இருந்தார்கள்.

லஃப்பரோ நகரில் மணி வார்க்கும் ரெய்லர் குடும்பத்தில் மூன்று இளைஞர்கள் அப்போரில் இறந்தார்கள். அவ்வூரில் போர் நினைவுக் கோபுரம் கட்டப்பட்டு 1923 இல் திறக்கப்பட்டபோது, அதில் வைத்த 47 மணிகளில் மிகப் பெரியதை அக்குடும்பத்தின் எட்மண்ட் டெனிசன் ரெய்லர் தம் பெறாமக்கள் மூவரின் நினைவாகக் கொடுத்தார். நாலு தொன் நிறையான மணி. மதிப்பான நினைவுதான். ஆயினும் அந்தக் கோபுரத்தின் 47 மணிகளையும் ஒருவர் தனியே இருந்து, ஆர்மோனியம் போன்ற கட்டைகளை அடித்து வாசித்து விடலாம். குழு தேவையில்லை. ஆறு கயிறுகள் தொங்கும் கிராமக் கோபுரத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே இறந்தவனுக்கு நினைவுச் சின்னம் வேண்டுமானால் இன்னொரு பிள்ளையைப் பிடித்துப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு சோதனை வந்தது. 1940 யூன் மாதத்தில், பகைவர் வந்திறங்கினால் அறிவிப்பதற்கு மட்டுமே கோவில் மணி அடிக்கப்பட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஆராதனைக்கும் மணியில்லை, திருமணத்துக்கும் மணியில்லை, மரணத்துக்கும் மணியில்லை. 1942 நவம்பர் 15 ஆம் திகதி, எல் அலமெயின் வெற்றிக்காக ஒரு நாள் அடிக்க விட்டார்கள். 1943 உயிர்ப்புப் பெருவிழாவோடுதான் பொதுவாக மீண்டும் அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய மூன்று வருடம். அந்தக் காலத்தில் இளைஞர்கள் போர்முனையில். முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்து கொண்டிருந்தார்கள். புதிதாகப் பழகக் கோபுரம் இல்லை. அக்கலை அழிந்து போயிருக்கலாம்.

அழியாமற் போனதற்கு ஒரு காரணம் கைமணிகள். குழுவினர் வீட்டுக் கூடத்தில் வட்டமாக இருந்து, ஒவ்வொருவரும் கைக்கு ஒன்றாகச் சிறு மணி பிடித்து, அதே ஒழுங்கு மாற்றங்களை அடித்துப் பார்த்தார்கள். கோபுரத்துக்குப் பூட்டு விழுந்தது. குழு கூடுவது நிற்கவில்லை. இடம்பெயர்ந்த எமக்கு அவர்களுடைய பெரிய மணிகளை விட இந்தக் கைமணிகளே முக்கியமானவை என்று நினைக்கிறேன்.

2018 நவம்பர் 11 ஆம் திகதி முதலாம் உலகப் போர் ஓய்ந்த நூறாண்டு நிறைவு வந்தது. மணியடிப்போர் மத்திய சபை புதிய கல்லறை கட்டக் கேட்கவில்லை. இறந்த 1,400 பேருக்கு ஈடாக 1,400 புதியவர்களைக் கயிறு பிடிக்க வரும்படி அழைத்தது. அந்தத் தொகைக்கு மேலாகவே வந்து சேர்ந்தார்கள். தம் வாழ்நாளில் மணிக்கூண்டுப் படியேறாதவர்கள் மாதக் கணக்கில் பழகி அன்று அடித்தார்கள். நினைவுகூருதல் என்ற பெயரில் எத்தனையோ நடக்கின்றன. இவ்வளவு பொருத்தமான ஒன்றை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

எங்கள் பக்கம்

எங்கள் மணிகள் மூன்று வருடமல்ல, முப்பது வருடம் வரை ஊமையாகக் கிடந்தன. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டியை விட்டு எழும்பிய சனம் துறைமுகத்தடியில் மீண்டும் கால் வைத்தது 2017 யூலையில். இருபத்தேழு வருடம். எழும்பும்போது பத்து வயதாக இருந்த பிள்ளைக்குத் திரும்பும்போது முப்பத்தேழு. அன்று ஐம்பது வயதில் மணியடித்தவர் உயிரோடிருந்தால் எழுபத்தேழு. இடையில் அவரிடம் பழகியிருக்க வேண்டிய இரண்டு தலைமுறை பழகவில்லை.

மன்னாரில் முள்ளிக்குளம் சனத்தின் கதை வேறு விதம். 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தும் ஊர் கடற்படை வசமிருந்தது. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக் காத்திருந்த காலத்தில், தங்கள் கோவிலுக்குப் போய் வழிபட்டுத் திரும்ப இடங்கிடைத்தது; வீட்டுக்குப் போக இடங்கிடைக்கவில்லை. 2017 இல் தெருவில் இருந்து போராடிய பிறகே ஒரு பகுதி நிலத்தை விட இணங்கினார்கள். வயலும் குளமும் வேலிக்கு அப்பால் இருக்க, கோவிலில் மட்டும் சொந்தக்காரராக இருந்த சனம் அது. அப்படியொரு ஊரில் மணிக்கயிறு என்பது வெறும் கயிறல்ல என்று நான் விளக்கத் தேவையில்லை.

திரும்பிப் போன ஊர்களில் இப்போது நடப்பதைப் பார்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். பழைய கோபுரத்தை விட உயரமாகக் கோபுரம் எழும்புகிறது. அனுப்பியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊரை மறக்காத மனம் பெரிது. ஆனால் கோபுரம் முடிந்ததும் மணியடிக்க ஆளில்லை என்று மின்னியந்திரம் பூட்டுகிறார்கள், அல்லது பதிவு செய்த மணியோசையை ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். அது நேரத்துக்கு ஒலிக்கும், சுகமில்லை என்று படுக்காது, சம்பளம் கேட்காது. எல்லாம் சரி. ஆனால் அது எவருக்கும் பழக்கிக் கொடுக்காது. மின்சாரம் நின்றால் ஊரில் மரணச் செய்தி சொல்ல ஒரு கை இராது. ஆள் இல்லாமையால் இயந்திரம் வந்தது என்கிறார்கள். இயந்திரம் வந்தபின் ஆள் ஒருபோதும் வரமாட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

'வயிற்றுக்கு வழி தேடும் சனத்திடம் மணியைப் பற்றிப் பேசுகிறீர்களே' என்று ஒருவர் கேட்டால், அவருக்கு நான் துருசைக் காட்டுவேன். மணியடித்தவருக்கு நடந்ததேதான் துருசு திறந்தவருக்கும் நடந்தது. எந்தக் குளத்தில் எவ்வளவு நீர் நின்றால் எத்தனை ஏக்கர் காலபோகத்தின் பின் சிறுபோகமும் தாங்கும், எந்த வாய்க்காலுக்கு முதல் முறை, எந்தக் கட்டு மாரியில் கரையும் என்பதெல்லாம் வட்டவிதானையாரின் தலைக்குள் இருந்தவை. அவர் முகாமில் இறந்தார். திரும்பியவர்கள் முதற் போகத்திலேயே தண்ணீருக்குச் சண்டை பிடித்தார்கள். விதைநெல்லைத் தெரிந்து காய வைத்துக் குதிரில் கட்டிய அம்மாவும், மாட்டுக்கு வைத்தியம் பார்த்த பெரியவரும் அப்படியே. இவர்களெல்லோரும் கயிறு பிடித்தவர்கள். மணியடித்தவரை முன்னுக்கு வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் அவருடைய கயிறு கோவிலின் நடுவில் கண்ணுக்குத் தெரியத் தொங்குகிறது. அதையே நாம் காணவில்லையென்றால் மற்றவற்றை எப்படிக் காண்போம்?

ஆகவே சில வேலைகள். இவற்றுக்குத் திட்ட அறிக்கையும் வேண்டாம், நிதியுதவியும் வேண்டாம். ஒரு மணிக்கு ஒருவர் என்ற வழக்கத்தை விட வேண்டும். மூவராவது பழக வேண்டும், அதில் ஒரு பெண் பிள்ளையாவது இருக்க வேண்டும். கோவில் வேலை குடும்பத்துக்குள் தகப்பனிலிருந்து மகனுக்குப் போவது அழகானதுதான். ஆனால் குடும்பம் முழுவதும் கப்பலேறி விட்டால் என்னவாகும் என்பதைக் கண்டு விட்டோம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் நின்று பழகட்டும். திருந்தாதி மணி வேறு, பூசைக்கு முதல் மணி வேறு, துக்கமணி வேறு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடி முறை உண்டு. அயலூருக்குப் பொருந்தாத அந்த முறைதான் உங்கள் ஊரின் கையெழுத்து. சைவக் கோவில்களின் காண்டாமணிக்கும் இதே விதிதான். அங்கும் கயிறு வெறுமையாகத் தொங்கும் இடங்கள் உண்டு.

இன்னும் திரும்பாமல் இருக்கும் குடும்பங்கள் கோபுரம் கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்காலிகக் கொட்டிற் கோவிலில் தண்டவாளத் துண்டு தொங்கினாலும் போதும். அதில் ஊரின் அடி முறையைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். கைமணி பிடித்தவர்கள் செய்ததும் அதுதான்.

மணியடித்தவர் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் ஒரு காரியம் சேர்த்துச் செய்யலாம். பூசையும் சாப்பாடும் நடக்கட்டும். வசதியுள்ளவர்கள் கல்வெட்டும் அச்சடிக்கட்டும். ஆனால் அன்றைய மணியை அவர் பழக்கிய பிள்ளை அடிக்க வேண்டும். பழக்கிய பிள்ளை இல்லையென்றால், அன்று புதிதாகத் தொடங்கும் பிள்ளை அடிக்க வேண்டும். அடி பிசகினாலும் பரவாயில்லை. எங்கள் மணிகள் பல, நாக்கை இழுத்து ஒரு பக்கம் மட்டும் அடிப்பவை. ஆங்கிலேயரைப் போல ஒரு பக்கத் தோல் கட்டும் முறை அவற்றுக்குப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைப் பங்குத்தந்தை பூசையில் வாசித்தால் போதும்.

கடைசியாக ஒரு கொப்பி. மரப்பலகை பிறகு வரட்டும். எண்பது பக்க அப்பியாசக் கொப்பியே தாராளம். ஒரு பெயருக்கு ஒரு பக்கம்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் கோவிலில், எந்த மணி, யாரிடம் பழகினார், யாருக்குப் பழக்கினார், துக்கமணியை எப்படி அடித்தார். இடம்பெயர்ந்து போன இடத்தில் அடித்திருந்தால் அதையும் எழுத வேண்டும். உபயகாரர் பெயர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. துருசு திறந்தவருக்கும் விதைநெல் காத்தவருக்கும் அதே கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு பிரதி எழுதுவது அவசியம். 1990 இலும் 1995 இலும் 2009 இலும் எத்தனை கோவில்களின் பதிவேடுகள் எரிந்தும் நனைந்தும் போயின என்பதை அறிவோம். ஒரு பிரதி பங்குமனையில் இருக்கட்டும். மற்றது வேறு ஊரில் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருக்கட்டும். முதற் பக்கத்துக்கு, ஊரில் உயிரோடிருக்கும் மிக வயதான மணியடித்தவரைத் தேடிப் போங்கள். அவருக்கு நடக்க முடியாதென்றால் பாய்க்கருகில் போய் இருங்கள். அவரிடம் கேட்டால், அவருக்கு முன்பு கயிறு பிடித்த இரண்டு பேருடைய பெயராவது வரும்.